பெல்ட் இருக்கு... ஹூக் எதில் மாட்டியிருக்கு? - உயர வேலையில் உயிர் காக்கும் 'கழற்றி மாட்டும் ஆங்கர்'... ஒரு கம்ப்ளீட் கைடு!

பொங்கல் நெருங்கினால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் ஊர் வழக்கம். சொந்த வீடோ, அடுக்குமாடிக் குடியிருப்போ, மார்கழி பிறந்ததுமே பெயின்ட் வாளியும் கயிறுமாக ஆட்கள் வந்துவிடுவார்கள். மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் இறங்கி, நான்காவது மாடி ஜன்னலுக்கு வெளியே தொங்கியபடி பிரஷ் பிடிப்பவரை நாம் எல்லோருமே பார்த்திருப்போம்.

இப்போதெல்லாம் அவர்களில் பலர் உடம்பில் பெல்ட் போட்டிருக்கிறார்கள். நல்ல மாற்றம்தான். அதைப் பார்த்ததும் நமக்கும் ஒரு நிம்மதி வருகிறது. ஆனால், அந்த பெல்ட்டிலிருந்து கிளம்பும் கயிற்றின் மறுமுனையை எத்தனை பேர் தேடிப் பார்த்திருக்கிறோம்? தண்ணீர் டேங்க் பைப்பில், ஏ.சி ஸ்டாண்டில், துணி காயப்போடும் கொக்கியில், செங்கல் கைப்பிடிச் சுவரில், தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் என எங்கே வேண்டுமானாலும் அது கட்டப்பட்டிருக்கலாம்.

பெல்ட் உயிரைக் காப்பாற்றுவது, அது மாட்டப்பட்டிருக்கும் இடம் தாங்கினால்தான். அந்த இடத்துக்குத்தான் 'ஆங்கர்' என்று பெயர். கான்கிரீட்டில் ஓட்டை போட்டு மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றி, அடுத்த இடத்தில் மறுபடி மாட்டிக்கொள்ளும் ஆங்கர்கள் இருக்கின்றன. அவற்றை எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றுவது, எங்கே தவறு நடக்கிறது... விரிவாகப் பார்ப்போம்.

70 கிலோ ஆளுக்கு 2,000 கிலோ ஆங்கர் எதற்கு?

"நான் 70 கிலோதானே இருக்கேன், இந்த பைப் தாங்காதா?" என்று தோன்றுவது இயல்பு. பைப்பைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தால் அது தாங்கவும் செய்யும். ஆனால், தொங்குவது வேறு, விழுந்து நிற்பது வேறு.

1.8 மீட்டர், அதாவது ஆறடி விழுவதற்கு ஆகும் நேரம் சுமார் 0.6 விநாடி. அதற்குள் உடம்பு மணிக்கு 21 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். 80 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த வேகத்தில் வந்து, 10 சென்டிமீட்டருக்குள் சடாரென நிறுத்தப்பட்டால், கயிற்றிலும் அது கட்டப்பட்ட இடத்திலும் விழும் சராசரி இழுவிசை ஏறக்குறைய 1,500 கிலோ எடைக்குச் சமம். சாதாரண நைலான் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்தால், கயிறு அறாவிட்டாலும் முதுகெலும்பு தாங்காது என்பது இதனால்தான்.

இந்த அதிர்ச்சியைக் குறைக்கத்தான், தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும் ஃபுல் பாடி ஹார்னஸும், கயிற்றோடு வரும் 'ஷாக் அப்சார்பர்' என்ற சிறிய மடிப்புப் பொட்டலமும். விழும்போது அந்த மடிப்பு கிழிந்து நீண்டு, வேகத்தை மெள்ளக் குறைக்கும். வெறும் இடுப்பு பெல்ட்டை விழுந்தால் தாங்கும் கருவியாகப் பயன்படுத்துவதை அமெரிக்கா 1998 ஜனவரியிலிருந்தே தடை செய்துவிட்டது.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியின்படி, ஒருவர் மாட்டிக்கொள்ளும் ஆங்கர் குறைந்தது 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். அப்படி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில், வரக்கூடிய விசையைப்போல் இரண்டு மடங்கு தாங்கும்படி முழு அமைப்பும் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். துணிக்கொடிக் கொக்கிக்கும் இந்த எண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

கழற்றி மாட்டும் ஆங்கர் எப்படி வேலை செய்கிறது?

கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகுவோம் இல்லையா... கதவு தள்ளத் தள்ள கட்டை இன்னும் இறுகும். அதே ஆப்பு தத்துவம்தான் இங்கேயும்.

சந்தையில் இருப்பவற்றில் ஒரு வகை, ஸ்டீல் கேபிள் வைத்தது. கேபிளின் ஒரு முனையில் ஆப்பு போன்ற உலோகத் துண்டுகள். மறுமுனையில் ஹூக் மாட்டும் வளையம். நடுவில் ஸ்பிரிங் வைத்த விசை. விசையை இழுத்தால் துண்டுகள் ஒல்லியாகி ஓட்டைக்குள் நுழையும். விட்டால் விரிந்து ஓட்டையின் சுவரைப் பிடித்துக்கொள்ளும். ஆள் விழுந்து கேபிள் இழுபடும்போது, ஆப்பு இன்னும் விரிந்து இறுகும். இன்னொரு வகை, போல்ட்டை முடுக்கினால் விரியும் உறையும், வெளியே டி வடிவ வளையமும் கொண்டது.

இரண்டுமே ஓட்டையின் சுவரை நம்பித்தான் இருக்கின்றன. ஓட்டை சரியில்லை என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆங்கரும் வெறும் இரும்புத் துண்டுதான்.

டிரில் போடுவதற்கு முன்னால்...

கான்கிரீட்டை அழுத்தினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதன் இழுவிசை பலம், அழுத்த பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆங்கர் பிடுங்கிக்கொண்டு வரும்போது பெரும்பாலும் தனியாக வராது; தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டையும் ஒரு புனல் வடிவத்தில் பெயர்த்துக்கொண்டு வரும். இதைப் புரிந்துகொண்டால் இடத்தைத் தேர்வு செய்யும் விதிகள் தானாகவே புரியும்.

* விளிம்பிலிருந்து தள்ளி: ஸ்லாப் ஓரத்திலோ, தூணின் மூலையிலோ ஓட்டை போட்டால் அந்தப் புனலில் பாதி காற்றில்தான் இருக்கும். பிடிமானம் பெருமளவு குறையும். எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், இரண்டு ஆங்கர்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பது ஒவ்வொரு ஆங்கரின் கையேட்டிலும் இருக்கும்.

* கான்கிரீட்டின் வயது: எம்-20 கான்கிரீட் என்றால், 28 நாள்களில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் பலம் பெற வேண்டும் என்று கணக்கு. ஏழாவது நாளில் அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். பல ஆங்கர் கையேடுகள் குறைந்தது 3,000 பி.எஸ்.ஐ பலம் கேட்கின்றன. அது ஏறக்குறைய எம்-20-யின் முழு பலம். போட்டு நான்கு நாள் ஆன ஸ்லாப்பில் சென்ட்ரிங் ஆட்களுக்காக ஆங்கர் மாட்டுவது, இன்னும் வேகாத இட்லியில் குச்சி நடுவது மாதிரி.

* கான்கிரீட்தானா? மேலே சிமென்ட் பூச்சு இருந்தால் உள்ளே இருப்பது செங்கல்லா, ஹாலோ பிளாக்கா, லேசான ஏ.ஏ.சி பிளாக்கா என்று தெரியாது. கான்கிரீட்டுக்கான ஆங்கரை இவற்றில் மாட்டக் கூடாது. நாலரை அங்குல செங்கல் கைப்பிடிச் சுவர் ஆங்கருக்கான இடமே இல்லை. பூச்சின் கனத்தை ஓட்டையின் ஆழத்தில் சேர்த்துக் கணக்கிடவும் கூடாது.

* தட்டிப் பாருங்கள்: விரிசல், ஜல்லி தெரியும் பொத்தல், கம்பி துருப்பிடித்து உப்பிய இடம், தட்டினால் 'டொக் டொக்' என வெற்றுச் சத்தம் வரும் இடம்... எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும்.

* உள்ளே என்ன இருக்கிறது? மின்வயர் பைப், தண்ணீர் பைப் போகும் பாதை தெரியாமல் டிரில் வைக்கக் கூடாது. பெரிய கட்டடங்களில் ஸ்லாப்புக்குள் இழுத்துக் கட்டப்பட்ட ஸ்டீல் கேபிள்கள் இருக்கலாம். அதில் டிரில் பட்டால் பெரும் ஆபத்து. இன்ஜினீயர் குறித்துக் கொடுத்த இடத்தைத் தாண்டக் கூடாது.

மாட்டும் முறை... படிப்படியாக!

இந்த வேலையில் எல்லோரும் மறந்துவிடும் ஒரு கேள்வி இருக்கிறது. முதல் ஆங்கரை மாட்டப் போகிறவர், அந்த நேரத்தில் எதில் கட்டியிருக்கிறார்? விளிம்பில் குனிந்து டிரில் போடும் அந்தச் சில நிமிடங்களில் அவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லையென்றால் எல்லாமே வீண். அதனால் முதல் ஆங்கர் எப்போதும் விளிம்பை விட்டுத் தள்ளி, விழ வாய்ப்பில்லாத இடத்தில் இருக்க வேண்டும். அதில் மாட்டிக்கொண்டுதான் அடுத்ததை நோக்கி நகர வேண்டும்.

1. ஆங்கரை முதலில் கையில் எடுத்துச் சோதியுங்கள். கேபிளில் ஒரு இழை அறுந்திருந்தாலும், மடங்கி நெளிந்திருந்தாலும், ஆப்பு தடையில்லாமல் நகரவில்லை என்றாலும், லேபிள் படிக்க முடியாமல் போயிருந்தாலும் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

2. கையேட்டில் சொன்ன அளவு டிரில் பிட்தான் வேண்டும். இவ்வகை ஆங்கர்களுக்கு 18 மில்லிமீட்டர் அல்லது முக்கால் அங்குலம் பரவலான அளவு. முக்கால் அங்குலம் என்பது 19 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்தானே என்று ஒன்றுக்கு மற்றொன்றைப் பயன்படுத்தக் கூடாது. ஆப்பு விரியும் அளவே மில்லிமீட்டர் கணக்கில்தான். தேய்ந்த பிட்டும் வேண்டாம்.

3. ஆழத்தைப் பிட்டில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு ஸ்லாப் பெரும்பாலும் ஐந்து அங்குல கனம்தான். ஆங்கர் கேட்கும் குறைந்தபட்ச கனம் அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழ்த்தளத்தில் ஆள் இல்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும்.

4. டிரில்லை நேராக, 90 டிகிரியில் பிடிக்க வேண்டும். சாய்த்தாலோ, ஆட்டினாலோ ஓட்டை வாய் அகன்றுவிடும். நடுவில் கம்பியில் இடித்தால், கம்பியை அறுத்துக்கொண்டு போகாமல் வேறு இடம் பார்க்க வேண்டும். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். கான்கிரீட் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும்.

5. ஓட்டையைச் சுத்தம் செய்யுங்கள். பிரஷ் விட்டுத் தேய்த்து, கை பம்ப்பால் தூசியை ஊதி, மறுபடியும் பிரஷ். தூசி இருந்தால் ஆப்பு கான்கிரீட்டைப் பிடிக்காமல் மாவைப் பிடிக்கும். வாயால் ஊதினால் தூசி கண்ணுக்குத்தான் வரும்.

6. விசையை இழுத்து, முழு ஆழத்துக்குச் செருகி, விடுங்கள். அடிக்கவோ திணிக்கவோ தேவைப்பட்டால் ஓட்டை தவறு என்று அர்த்தம். பிறகு, வேலையின்போது இழுபடும் திசையில் கையால் இழுத்துப் பாருங்கள். வழுக்கி வந்தால் அந்த ஓட்டையைக் கைவிட வேண்டும். மேலே ஏறிக் குதித்துச் சோதிப்பது விளையாட்டல்ல.

7. ஓர் ஆங்கருக்கு ஓர் ஆள். கையேடு வேறு மாதிரி சொல்லாத வரை இதுதான் விதி. அதில் சாமான் தூக்கும் கயிறு, கப்பி எதையும் மாட்டக் கூடாது.

முதல் மாடிதானே என்ற தவறான தைரியம்!

உயரம் அதிகமானால்தான் ஆபத்து அதிகம் என்று நினைக்கிறோம். பெல்ட் விஷயத்தில் கணக்கு வேறு மாதிரி. கயிறு 1.8 மீட்டர், ஷாக் அப்சார்பர் கிழிந்து நீள்வது 1.1 மீட்டர் வரை. முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை சுமார் 1.5 மீட்டர், பாதுகாப்புக்கு இன்னும் 0.9 மீட்டர். மொத்தம் 5.3 மீட்டர். ஆங்கருக்குக் கீழே இவ்வளவு காலி இடம் வேண்டும்.

முதல் மாடித் தளம் தரையிலிருந்து 3 மீட்டர். தோள் உயரத்தில், அதாவது 1.5 மீட்டரில் ஆங்கர் மாட்டினால் மொத்தம் 4.5 மீட்டர்தான். பெல்ட் சரியாக வேலை செய்து முடிப்பதற்குள் தரை வந்துவிடலாம். ஆங்கர் கால் பக்கத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். விழும் தூரம் கூடிக்கொண்டே போகும்.

அதனால், முடிந்தவரை தலைக்கு மேலே ஆங்கர் இருக்க வேண்டும். அது முடியாத இடத்தில், விளிம்பையே எட்ட முடியாத அளவுக்குக் கயிற்றின் நீளத்தைக் குறைத்துவிடலாம். விழுந்த பிறகு பிடிப்பதைவிட, விழவே விடாமல் இருப்பது மேல். ஆங்கரிலிருந்து பக்கவாட்டில் அதிகம் விலகிப் போகவும் கூடாது. விழுந்தால் ஊஞ்சல் மாதிரி ஆடிப்போய் சுவரில் மோத நேரிடும்.

கழற்றும்போதுதான் கவனம் அதிகம்!

வேலை முடிந்துவிட்டது. வெயில், களைப்பு, வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். இந்த நேரத்தில் 'நானே எல்லாத்தையும் கழற்றிட்டு வர்றேன்' என்று ஒருவர் பின்தங்குவார். அன்றைக்கு அந்தத் தளத்தில் குறைந்த பாதுகாப்போடு இருக்கப் போகிறவர் அவர்தான்.

1. முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஆங்கரில் வேறு யாருடைய கயிறாவது இருக்கிறதா என்பதை. கண்ணால் கயிற்றின் முனை வரை பார்த்து உறுதி செய்ய வேண்டும். வெறும் சத்தம் கொடுத்துக் கேட்பது போதாது.

2. கழற்றுபவர், உள்ளே தள்ளி இருக்கும் இன்னோர் ஆங்கரில் மாட்டிக்கொண்ட பிறகே கை வைக்க வேண்டும். இரண்டு ஹூக் உள்ள இரட்டைக் கயிறு இதற்காகவே இருக்கிறது. ஒன்று புதிய இடத்தில் விழுந்த பிறகுதான் இன்னொன்றை எடுக்க வேண்டும்.

3. மாட்டியது உள்ளேயிருந்து வெளியே என்றால், கழற்றுவது வெளியேயிருந்து உள்ளே. விளிம்பில் உள்ளது முதலில். பாதுகாப்பான இடத்தில் உள்ளது கடைசியில்.

4. கயிற்றில் இழுவை இல்லாமல் தளர்த்த வேண்டும். கேபிளை லேசாக உள்பக்கம் தள்ளினால் ஆப்பின் பிடி விடும். பிறகு விசையை இழுத்து, நேராக வெளியே எடுக்க வேண்டும்.

5. சிக்கிக்கொண்டால் கடப்பாரையால் நெம்புவது, சுத்தியலால் அடிப்பது, கேபிளைப் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் இழுப்பது மூன்றுமே கூடாது. திடீரென்று கழன்றால், இழுத்தவர் பின்பக்கமாகப் போவார். பின்னால் விளிம்பு இருக்கலாம். கையேட்டில் சொன்ன முறையும் கருவியும்தான் வழி. வராவிட்டால், மறுநாள் யாரும் அதை நம்பி மாட்டாதபடி வளையத்தை முடக்கி, அடையாளம் போட்டுவிட வேண்டும்.

6. எடுத்த ஆங்கரைத் துடைத்து, தூசி போக்கி, மறுபடி சோதித்துத்தான் பையில் வைக்க வேண்டும். ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய ஆங்கர், பார்க்கப் புதிதுபோல இருந்தாலும், மறுபடி பயன்படுத்தக் கூடாது. அந்த ஓட்டையையும்தான்.

7. ஓட்டையை, சுருங்காத சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும். மொட்டை மாடி ஓட்டையில் தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும், ஸ்லாப் ஒழுகும். கூடவே, பழைய ஓட்டையை இன்னொருவர் அவசரத்துக்குப் பயன்படுத்திவிடும் ஆபத்தும் இதோடு முடியும்.

விழுந்தவர் தொங்கிக்கொண்டிருந்தால்?

ஆங்கர் தாங்கிவிட்டது என்றதும் கதை முடிந்துவிடாது. ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் தொடைப் பட்டைகள் அழுத்தி, கால்களிலேயே ரத்தம் தேங்கும். மயக்கமும், அரை மணி நேரத்துக்குள்ளாகவே மரணமும் நேரலாம் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை எச்சரித்திருக்கிறது. எனவே, எப்படி இறக்குவது என்ற திட்டமும் ஆளும் கருவியும் வேலை தொடங்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும். தனியாக ஒருவர் உயரத்தில் வேலை செய்யவே கூடாது.

வீட்டு உரிமையாளர், அசோசியேஷன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

நம் நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்புக்கு 1996-ல் தனிச் சட்டம் வந்தது; 1998-ல் மத்திய விதிகள் வந்தன. ஹார்னஸுக்கு ஐ.எஸ் 3521 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. சிங்கப்பூரில், 2013-ல் வந்த உயர வேலை விதிகளின் கீழ், 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அங்கே போகும் நம் ஊர்த் தொழிலாளர்கள் இதற்கான பயிற்சியைத் தமிழிலேயே படிக்கிறார்கள். அதே கைகள் ஊருக்குத் திரும்பி வேலை செய்யும்போது டேங்க் பைப்பில் கட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் வருத்தம்.

நான்கு பேர் வந்து செய்துவிட்டுப் போகும் பெயின்ட் வேலையை எந்த அதிகாரியும் வந்து பார்க்கப் போவதில்லை. அங்கே கேள்வி கேட்க இருப்பது பணம் கொடுக்கும் நாம்தான்.

1. கயிறு எதில் மாட்டப்படும்? அந்த இடத்தை இன்ஜினீயர் பார்த்தாரா?
2. ஃபுல் பாடி ஹார்னஸா, இடுப்பு பெல்ட்டா? ஷாக் அப்சார்பர் இருக்கிறதா?
3. உட்கார்ந்து இறங்கும் கயிறும், பெல்ட்டின் பாதுகாப்புக் கயிறும் தனித்தனி ஆங்கரில் இருக்கிறதா?
4. முதல் ஆங்கரை மாட்டுபவரும், கடைசி ஆங்கரைக் கழற்றுபவரும் எதில் கட்டியிருப்பார்கள்?
5. யாராவது தொங்கிவிட்டால் இறக்குவது யார், எப்படி?

கொட்டேஷன் வாங்கும்போதே இவற்றைக் கேட்டுவிடுங்கள். பாதுகாப்புச் செலவைச் சேர்த்துச் சொல்லும் கான்ட்ராக்டர் சற்று அதிகம் கேட்பார். அதைப் பேரம் பேசிக் குறைத்தால், அந்தப் பணம் எங்கிருந்து குறைகிறது என்று யோசியுங்கள்.

உங்கள் வீட்டில் அப்பாவோ, அண்ணனோ, கணவரோ இந்த வேலைக்குப் போகிறார் என்றால், தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் அவர் பெயர் பதிவாகி, புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 1994-லிருந்து இயங்கும் இந்த வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதியலாம். விபத்துக்கான உதவியும் அதில் உண்டு. ஆனால், அந்த உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டிய நாள் வரக் கூடாது என்பதுதான் எல்லோருடைய பிரார்த்தனையும்.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் நேராக டிரில் எடுக்க வேண்டாம். பயிற்சி பெற்றவர், அந்தந்த ஆங்கரின் கையேட்டைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த முறை உங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் பிரஷ்ஷோடு வந்து நிற்கும்போது, ஒரு சொம்பு தண்ணீரோடு மொட்டை மாடிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அவருடைய கயிறு எங்கே முடிகிறது என்று பாருங்கள்!